பெட்டி இல்லாமல் விற்ற கணினி

1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 மிடுக்காக உட்கார்ந்திருக்கும். 400 டாலருக்குள் வீட்டுக்கே ஒரு கணினி என்று அமெரிக்காவின் எலெக்ட்ரானிக்ஸ் பித்தர்களை மயக்கிய படம் அது. ஆனால் படத்தில் இருந்தது காலிப் பெட்டி. அல்புகர்க்கி நகரத்திலிருந்து, ஆல்டேரைச் செய்த எட் ராபர்ட்ஸ் நியூயார்க்கிலிருந்த பத்திரிகைக்கு அனுப்பிய இயந்திரம் பார்சலிலேயே தொலைந்துவிட்டது. அட்டை அச்சுக்குப் போகவேண்டிய நேரம். விளக்கும் சுவிட்சும் வைத்த முன்பலகையோடு வெற்றுப் பெட்டி ஒன்றைச் செய்து படம் பிடித்தார்கள். ஆக, ஆல்டேர் விஷயத்தில் அசல் ஊருக்கு வருவதற்குள் போலி வந்துவிட்டது. பழைய கணினிகளை மறுபடி கட்டுகிற என் பொழுதுபோக்கைப் பார்த்து "டூப்ளிகேட்டுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தக் கதையைச் சொல்லி வாயை அடைப்பேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசஸர் லேபைப் பார்த்துக்கொண்டவள். பாடம் நடத்தியவர்கள் வேறு. கிட்டுகளை உயிரோடு வைத்திருந்தது நான். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த யாரிடமாவது '4100' என்று சொல்லிப் பாருங்கள், விரல் தானாகவே 8085 கிட்டின் பொத்தான்களைத் தேடும். புரோகிராம் 4100இல் தொடங்கும், விடை 4500இல் கிடக்கும். நடுவில் 3இ, 76 என்று ஹெக்ஸ் எண்களாக அடித்துத் தள்ளவேண்டும். தப்பாக வந்த விடைக்கு மாணவன் கிட்டைக் குறை சொல்வான், நான் அவனுடைய ரெக்கார்டு நோட்டைக் கேட்பேன். பிறகு கணினித் திரையிலேயே எல்லாம் செய்துகொள்ளலாம் என்றாகி, கிட்டுகளை எடைக்குப் போட்டார்கள். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அவற்றின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டது நான்தான். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கிட்டுகளின் பாட்டன் யார் என்று தேடப்போய்த்தான் இந்தப் பித்து பிடித்தது.

பாட்டன் என்று ஒருவரைக் காட்டவேண்டுமானால் கிம்-1. 1976இல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனம் 245 டாலருக்கு விற்ற ஒற்றைப் பலகை. 6502 பிராசஸர், 1 கிலோபைட் நினைவகம், 23 பொத்தான், ஆறு சிவப்பு இலக்கங்கள். இன்று அதை மறுபடி கட்ட ஒரே தடை, அதிலிருந்த 6530 என்ற சில்லு. பலகையை இயக்கும் அடிப்படைப் புரோகிராமை, அதாவது மானிட்டர் புரோகிராமை, ஆலையிலேயே உள்ளே பதித்து வந்த சில்லு அது. இனி யாரும் செய்யப்போவதில்லை. அதனால் ரெப்ளிகா கட்டுகிறவர்கள் அதன் வேலையைப் பிரித்து ஒரு 6532க்கும் ஒரு இபிராமுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். வின்ஸ் பிரீல் என்ற அமெரிக்கர் இப்படிச் செய்த மைக்ரோ-கிம் கிட்தான் நான் முதலில் சால்டர் செய்தது. சுகமான வேலை. ஆனால் கை பழகிய பிறகு என் மனம் போய் நின்றது அதே 1976இல் வந்த இன்னொரு பலகையில்.

ஆப்பிள்-1. அதன் கதையைச் சொல்கிறவர்கள் ஸ்டீவ் ஜாப்ஸ் வீட்டு கராஜிலிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு வருஷம் பின்னே போவேன். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் பிரெஞ்ச் என்பவருடைய கராஜில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் முதல் தடவை கூடியது. ஆல்டேரை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். எச்.பி. நிறுவனத்தில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அதில் ஒருவர். ஆல்டேர் வாங்க அவரிடம் காசு இல்லை. அதனால் தானே ஒன்றை வடிவமைத்தார். அதைவிட முக்கியம் அடுத்து அவர் செய்தது: சர்க்யூட் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, கிளப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் கொடுத்தார்.

அதே காலத்தில், 1976 பிப்ரவரி 3ஆம் தேதியிட்டு, பில் கேட்ஸ் பொழுதுபோக்காளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேருக்காகத் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைக் காசு கொடுக்காமல் நகலெடுத்துக்கொள்வது திருட்டு என்பது அதன் சாரம். இரவு பகல் பாராமல் எழுதியவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் லேபில் இருந்தவள் என்ற முறையில் என் ஓட்டு ஜெராக்ஸ் கொடுத்தவருக்கே. ஆப்பிள்-1 பிறந்தபோதே நகலெடுக்கப்படத்தான் பிறந்தது. இன்று அதைக் கட்டுகிற நாங்கள், ஐம்பது வருஷம் தாமதமாக வந்து அந்த ஜெராக்ஸை வாங்கிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

வரைபடத்தை வாங்கிப்போனவர்களில் பலருக்கு அதைக் கட்டி முடிக்க நேரமில்லை என்பதைக் கவனித்தவர் ஜாப்ஸ். பிரிண்டட் சர்க்யூட் பலகையாக அடித்து விற்றால் ஓடும் என்றார். அவர் வேனை விற்க, வாஸ்னியாக் தன் எச்.பி.-65 கால்குலேட்டரை விற்க, அட்டாரியில் பலகை வரையும் ஹோவர்டு கான்டின் தடங்களை வரைந்து கொடுத்தார். மவுன்டன் வியூவில் 'பைட் ஷாப்' நடத்திய பால் டெரல், வெறும் பலகை வேண்டாம், சில்லு பொருத்தித் தந்தால் ஒன்றுக்கு 500 டாலர் வீதம் 50 எடுத்துக்கொள்கிறேன் என்றார். முப்பது நாள் கடனில் உதிரிகளை வாங்கி, லாஸ் ஆல்டோஸில் ஜாப்ஸ் வீட்டில் உட்கார்ந்து பொருத்தினார்கள். வந்து சேர்ந்ததைப் பார்த்து டெரல் திகைத்தாராம். பெட்டி இல்லை, கீபோர்டு இல்லை, டிரான்ஸ்பார்மர் இல்லை. திரையும் உங்கள் பொறுப்பு. சில்லறை விலை 666.66 டாலர், 4 கிலோபைட் நினைவகத்தோடு.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அந்தப் பலகையை வாங்கிய ஒவ்வொருவரும் மீதியைத் தானே முடித்துக்கொண்டார். ஒருவர் மரப்பெட்டி செய்தார், ஒருவர் பிரீஃப்கேசுக்குள் அடக்கினார், சிலர் மேசையில் அப்படியே போட்டுவிட்டார்கள். டிரான்ஸ்பார்மர் ஆளுக்கொரு மாதிரி, கீபோர்டு கிடைத்தது எதுவோ அது. ஆகவே "அசல் ஆப்பிள்-1 எப்படி இருக்கும்?" என்ற கேள்விக்குப் பலகையைத் தாண்டி ஒரே பதில் கிடையாது. வாங்கியவரின் கை வேலை அந்தப் பொருளில் பாதி. அந்தப் பாதியைச் செய்யும்போது கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் நானும் 1976இன் வாடிக்கையாளரும் செய்வது ஒரே வேலை. அதில் நகல் என்ற பேச்சே கிடையாது.

மொத்தம் சுமார் 200 பலகைதான் செய்தார்கள். 175 அளவில் விற்றது. 1977இல் ஆப்பிள்-2 வந்ததும் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, திரும்பி வந்த பலகைகளை அழித்துவிட்டார்கள். எடைக்குப் போடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலும். தப்பித்தவற்றில் ஒன்றை 2014இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு எடுத்தது. இந்த விலைக்குப் பிறகு அசலைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை என் போன்றவர்கள் விட்டுவிடவேண்டியதுதான்.

ரெப்ளிகா கட்டுவதில் இரண்டு வழி உண்டு. முன்னே சொன்ன வின்ஸ் பிரீல் 2003இல் வாஸ்னியாக்கின் சம்மதத்தோடு 'ரெப்ளிகா 1' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். டாம் ஓவாட் இதைவைத்தே 2005இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பலகை ஆப்பிள்-1 போல நடந்துகொள்ளும். பார்த்தால் ஆப்பிள்-1 இல்லை. திரை வேலை முழுவதையும் இந்தக் காலத்து மைக்ரோகன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. மலிவு, சுலபம், கைக்கடக்கம். இன்னொரு வழி, மைக் வில்லகல் செய்த 'மைமியோ' போன்றது: அசல் பலகையின் தடத்துக்குத் தடம், துளைக்குத் துளை. அதில் 1976இன் சில்லுகளைத்தான் பொருத்தியாக வேண்டும். முதல் வழியில் கணினி கிடைக்கும். இரண்டாவதில் தலைவலி கிடைக்கும், கூடவே வாஸ்னியாக் ஏன் அப்படி யோசித்தார் என்பதும் கிடைக்கும். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

உதிரி தேடப் போனால் விலைப்பட்டியல் தலைகீழாகக் கிடக்கிறது. அன்றைக்குப் பிராசஸர்தான் பெரிய செலவு. இன்டெல் 8080இன் பட்டியல் விலை 360 டாலர். 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வெஸ்கான் கண்காட்சி நடந்தபோது, எம்.ஓ.எஸ். டெக்னாலஜியின் சக் பெடில் குழு 6502ஐ 25 டாலருக்கு விற்றது. கண்காட்சி அரங்குக்குள் விற்கக்கூடாது என்று விதி. பக்கத்து ஹோட்டல் அறையில் கண்ணாடி ஜாடி நிறையச் சில்லுகளை வைத்துக்கொண்டு விற்றார்கள். வாஸ்னியாக் முதலில் மோட்டரோலா 6800க்குத்தான் வரைந்து வைத்திருந்தார்; விலையைப் பார்த்து மாறிக்கொண்டார். பலகையில் 6800 பொருத்தவும் இடம் விட்டிருப்பது அதன் தடயம். திரைக்கும் அதே கணக்கு: நினைவகச் சில்லு விலை அதிகம், ஷிஃப்ட் ரெஜிஸ்டர் மலிவு, ஆகவே ஷிஃப்ட் ரெஜிஸ்டர். இன்றைக்கு 6502 குடும்பம் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் புண்ணியத்தில் இன்னும் புத்தம் புதிதாக வந்துகொண்டிருக்கிறது. அந்த மலிவுச் சரக்கான சிக்னெடிக்ஸ் 2504, 2519 ஷிஃப்ட் ரெஜிஸ்டர்களோ குதிரைக்கொம்பு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 74 வரிசைச் சில்லுகளை அள்ளிக்கொண்டு வரலாம். 2519 என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

புது 6502 கிடைக்கிறதே என்று நேரே பொருத்திவிடவும் முடியாது. பழைய சில்லில் 1ஆம் கால் கிரவுண்டு. புதிய டபிள்யூ65சி02எஸ்ஸில் அதே 1ஆம் கால் வெளியே சிக்னல் அனுப்புகிற கால். பழைய பலகையில் செருகினால் அந்தக் கால் கிரவுண்டோடு சேர்ந்து ஷார்ட். 36ஆம் காலும் அப்படித்தான். முன்பு எதோடும் சேராமல் சும்மா கிடந்தது, இப்போது அதை 5 வோல்ட்டோடு சேர்த்தால்தான் சில்லு பேசும். கொரடால் காலை மடக்கி, ஒயர் இழுத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. சுத்தக்காரர்களின் பிடிவாதம் வேறு மாதிரி: சில்லின் முதுகில் அச்சிட்ட நாலு இலக்கத்தைப் பார்ப்பார்கள். 7614 என்றால் 1976ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் செய்தது. அந்தக் காலத்து முதல் 6502களில் 'ரொடேட் ரைட்' என்ற கட்டளையே வேலை செய்யாது. அந்த ஆண்டு நடுவில்தான் அது வந்து சேர்ந்தது. குறையுள்ள அந்தச் சில்லுக்குத்தான் அதிக விலை! எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. பிந்திய வருஷத்துச் சில்லு ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன். பலகையின் பின்புறம் மார்க்கரில் என் பெயரையும் வருஷத்தையும் எழுதியும் வைத்தேன். நாளைக்கு யாராவது இதை அசல் என்று சொல்லி விற்கப் பார்த்தால் என் பெயர் முதலில் கண்ணில் படட்டும்.

டிரான்ஸ்பார்மர் விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரி என்பது வசதி. அமெரிக்க டிரான்ஸ்பார்மர் 110 வோல்ட்டுக்கு, இங்கே ஆகாது. பம்ப் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்யும் ஊரில் காயில் கட்ட ஆள் தேடவேண்டியதில்லை. ஆப்பிள்-1 கையேட்டில் கேட்டிருப்பது இரண்டு: 8 முதல் 10 வோல்ட், 3 ஆம்பியரில் ஒன்று; 28 வோல்ட், நடுவில் டேப், 1 ஆம்பியரில் இன்னொன்று. சீட்டில் எழுதிக் கொண்டுபோனேன்.

"14-0-14ங்களா? ஆம்ப்ளிஃபயருக்குங்களா மேடம்?"

"கம்ப்யூட்டருக்குங்க."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க இத்தாச்சோடு டிரான்ஸ்பார்மர்? லேப்டாப் சார்ஜரே உள்ளங்கை அளவுதான இருக்குது?"

கேள்வி சரிதான். அந்தப் பலகைக்கு நாலு விதமான மின்னழுத்தம் வேண்டும்: பிளஸ் 5, மைனஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 12. நினைவகத்துக்கு ஒன்று, ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு பத்தியம். சாக்கெட்டுகளை மட்டும் சால்டர் செய்து, ஒரு சில்லும் பொருத்தாமல், மல்டிமீட்டரை வைத்து நாலையும் அளந்த பிறகே மேலே போகவேண்டும். மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அது ஊறிப்போன பழக்கம்.

எல்லாம் பொருத்திச் சுவிட்சைப் போட்டால் திரை முழுக்க அடிக்கோடும் அட் குறியும் மாறி மாறி மின்னும். பயப்படக்கூடாது, அதுதான் நல்ல சகுனம். ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் தற்செயலாகக் கிடப்பதைத் திரை அப்படியே காட்டுகிறது. கிளியர் பொத்தான், பிறகு ரீசெட். இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு தோன்றும். வாஸ்னியாக்கின் மானிட்டர் புரோகிராம் தயார் என்று அர்த்தம். அந்தப் புரோகிராம் மொத்தமும் 256 பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. ஆல்டேரில் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளிச் செய்த வேலையை, கீபோர்டில் அடித்துச் செய்ய வைத்தது இந்த 256 பைட்தான். என்னைக் கேட்டால் ஆப்பிள்-1இன் உண்மையான புதுமை அங்கேதான் இருக்கிறது.

கையேடு முதலில் அடிக்கச் சொல்லும் சோதனை 11 பைட். பூஜ்யம், முக்காற்புள்ளி, பிறகு ஏ9, 0, ஏஏ, 20, இஎஃப், எஃப்எஃப், இ8, 8ஏ, 4சி, 2, 0. விளக்கினால் இவ்வளவுதான்: பூஜ்யத்தை எடு, எக்ஸ் என்ற இடத்தில் வை, திரையில் எழுது, ஒன்று கூட்டு, திரும்பப் போ. கடைசியில் ஆர் அடித்தால் எழுத்து, எண், குறி எல்லாம் வரிசையாகத் திரையில் ஓடத் தொடங்கும். 8085இல் 76 போட்டு நிறுத்தப் பழகிய கைக்கு, நிற்கவே நிற்காத இந்தப் புரோகிராம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஓடும் என்றேன், நடக்கும் என்பதே சரி. நொடிக்கு 60 எழுத்துக்கு மேல் போகாது. காரணம் அந்த ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ராட்டினத்தில் நமக்கு வேண்டிய தொட்டி சுற்றி வந்தால்தான் ஏறமுடியும். அதுபோல, கர்சர் இருக்கும் இடம் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தால்தான் புது எழுத்தை உள்ளே விடமுடியும். திரை நொடிக்கு 60 தடவை வரையப்படுகிறது, ஒரு தடவைக்கு ஒரு எழுத்து. 40 எழுத்து வீதம் 24 வரி, 960 எழுத்து. திரை நிறைய 16 நொடி. முன்னாள் மாணவன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க மேடம், டைப்ரைட்டர் மாதிரி வருது" என்றான். அன்றைக்குப் பலர் பயன்படுத்திய டெலிடைப் இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும் என்றதும் சும்மா இருந்தான். அமெரிக்க 60க்கும் நம் ஊர் 50க்கும் உள்ள பேதத்தில் என் பழைய கறுப்பு வெள்ளை டிவியில் படம் உருண்டது. பின்னால் வெர்ட்டிகல் ஹோல்டு திருகைத் திருகியதும் நின்றது.

மின்சாரம் போனால் அடித்ததெல்லாம் போச்சு. அதற்குத்தான் 75 டாலருக்கு ஒரு துணைப் பலகை விற்றார்கள், கேசட் இன்டர்பேஸ் என்று. உள்ளங்கை அகலம், தாய்ப் பலகையின் ஒரே ஸ்லாட்டில் நட்டுக்குத்தாக நிற்கும். அதன் தந்திரம் எளிமை: பூஜ்யத்துக்கு 2000 ஹெர்ட்ஸில் ஒரு அலை, ஒன்றுக்கு 1000 ஹெர்ட்ஸில் ஒரு அலை. இதன் ரெப்ளிகா ஒரே மாலையில் சால்டர் செய்து முடிக்கிற வேலை. டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டை இம்மி இம்மியாகத் திருப்பி, சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினேன். பாட்டு கேசட் பதிந்து கொடுத்த கடைக்காரர்களிடம் அந்தக் காலத்தில் பார்த்துக் கற்றது. செல்போனிலிருந்து ஒயர் இழுத்தும் ஓட்டலாம். வால்யூம் முழுக்க வைக்கவேண்டும், பலகையில் உள்ள சின்ன சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் சரி. நடுவில் வாட்ஸ்அப் செய்தி 'டிங்' என்றால் அத்தனையும் பாழ்.

கேசட் பலகையோடு இனாமாக வந்தது வாஸ்னியாக் எழுதிய பேசிக். அசெம்பிளர் மென்பொருள் வாங்க வசதி இல்லாமல், கட்டளை கட்டளையாக நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ஹெக்ஸ் எண்ணைக் கையால் போட்டு முடித்த 4 கிலோபைட். என் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் செய்ததும் அதே முறைதான், சில பைட்டுகளுக்கு மட்டும். சி100 ஆர் என்று அடித்தால் நட்சத்திரக் குறி வரும். இ000 முதல் இஎஃப்எஃப்எஃப் வரை படி என்று சொல்லி, டேப்பை ஓடவிடவேண்டும். முதல் 10 நொடி ஒரே சீரான ஊளை, பிறகு 20 நொடிக்குச் சற்று மேல் கரகரப்பு. சாய்ந்த கோடு திரும்பி வந்ததும் இ000 ஆர். பேசிக் தயார்.

அவசரத்தில் பின்ன எண்களை அவர் விட்டுவிட்டார். முழு எண் மட்டும், அதுவும் 32,767க்குள். 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால் 3 என்கிறது.